படுவான்கரைக் குளத்தில் முதல் தூண்டில்: யானை, கரடி, முதலை உள்ள இடத்துக்குப் போய் வரும் வழி

கனடாவில் இருக்கும் அக்காவின் மகன் விடுமுறைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்னால் கோல் எடுத்தான். "மாமா, உன்னிச்சைக் குளத்துக்கு மீன் பிடிக்கப் போவமா? அங்காலப் பக்கம் கரடி இருக்காமே, கரடிக்கு அடிக்கிற ஸ்பிரே கொண்டு வரவா?" என்றான். அங்கே மலை ஓடைகளில் ட்ரவுட் பிடிக்கப் பழகியவன். கரடி உலவும் மலைக்குப் போவதென்றால் சாப்பாட்டை மரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும், நடக்கும்போது சத்தம் போட வேண்டும், மீன் மணத்தோடு கூடாரத்துக்குள் படுக்கக் கூடாது என்று முழுப் பாடமும் அவனுக்கு மனப்பாடம். அந்த ஸ்பிரேயைக் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

அவனுக்குப் பதில் சொல்லப் போய்த்தான் ஒன்று எனக்கே தெளிவானது. அவனுடைய பாடத்தில் பாதி இங்கே சரிவரும். மீதியை அப்படியே பின்பற்றினால் ஆபத்து. கரடிக்குச் சத்தம் போடு என்கிறது அந்தப் பாடம், நம்முடைய காட்டிலும் அது சரிதான். ஆனால் அதே சத்தம் நூறு மீற்றரில் நிற்கும் யானையைக் கிளப்பிவிடும். முதலைக்கோ சத்தம் ஒரு பொருட்டே இல்லை. படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கத்தில், தூண்டில் போடப் போகிறவர் மீனைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் பற்றி யோசிக்க வேண்டும். எந்த இடம், எந்த நேரம், எந்தத் தடி என்பதெல்லாம் அவற்றை வைத்துத்தான் முடிவாகும்.

ட்ரவுட் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். அது குளிர்ந்த, ஓடும் தண்ணீரில் வாழும் மீன். இலங்கையில் வெள்ளைக்காரன் காலத்தில் நுவரெலியாப் பக்கத்து மலை ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்கள். நம்முடைய குளத்துத் தண்ணீரின் சூட்டில் அது தாங்காது. நமக்கு விரால் இருக்கிறது, அது போதும்.

எந்தக் குளம்

மட்டக்களப்பில் உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, வாகனேரி என்று பெரிய குளங்கள் பல உண்டு. முதல் தடவை போகிறவருக்கு நான் உன்னிச்சையைத்தான் சொல்வேன். வலையிறவுப் பாலம் கடந்து, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக மோட்டார் சைக்கிளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். குளக்கட்டு நீளமானது, உயரமானது. தோணிக்காரர், மாடு சாய்க்கிறவர், வயலுக்குப் போகிறவர் என்று பகலில் ஆள் நடமாட்டம் இருக்கும். புதிதாகப் போகிறவருக்கு அந்த நடமாட்டம்தான் காவல்.

மட்டக்களப்பு நகரத்துக் குழாய்த் தண்ணீர் இந்தக் குளத்தில் இருந்துதான் வருகிறது. அதனால் வான்கதவுப் பக்கமும் தண்ணீர் எடுக்கும் இடமும் நமக்கு இல்லை. அங்கே நின்று தூண்டில் போட்டால் காவலாளி வந்து எழுப்புவார், எழுப்புவது நியாயமும்தான். வான்கதவு திறந்திருக்கும் நாளில் கீழே பாயும் வாய்க்காலில் மீன் குவியும் என்று யாராவது ஆசை காட்டினால் காதில் வாங்காதீர்கள். சுழி இழுத்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் கஷ்டம்.

உறுகாமம் அழகான குளம். செங்கலடியில் இருந்து பதுளை வீதியில் கரடியனாறு தாண்டிப் போக வேண்டும். ஊரின் பெயரிலேயே கரடி இருக்கிறது. அங்கிருந்து புல்லுமலை வரைக்கும் வீதியின் இரு பக்கமும் பற்றைக்காடும் பாறையும்தான். இரண்டு மூன்று தடவை உன்னிச்சைக்குப் போய்க் கை பழகிய பிறகு அங்கே போகலாம், அதுவும் ஊர் ஆள் ஒருவரோடு.

அம்பாறைப் பக்கத்தவர்களுக்குச் சேனநாயக்க சமுத்திரம்தான் மனதில் இருக்கும். இலங்கையிலேயே பெரிய நீர்த்தேக்கம், இங்கினியாகலையில் இருந்து பார்த்தால் கடல் போலத்தான். ஆனால் அதைச் சுற்றி இருப்பது 1954இல் அறிவிக்கப்பட்ட கல்லோயா தேசிய பூங்கா. தீவில் இருந்து தீவுக்கு யானை நீந்துவதைப் படகில் போய்ப் பாருங்கள், தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆட்களுக்குச் சாகாமக் குளம் கிட்ட.

யாரிடம் கேட்பது

இது சின்ன வேலை, ஆனால் பலர் தாண்டிவிடுகிற வேலை. பெரிய குளம் ஒவ்வொன்றிலும் நன்னீர் மீனவர் சங்கம் இருக்கும். குளத்தில் விடும் ரோகு, கட்லாக் குஞ்சுகள் அவர்களுடைய சீவனோபாயம். காலையில் தோணித்துறைக்குப் போய்ச் சங்கத்தில் ஒருவரைப் பிடித்து, "அண்ணன், பொழுதுபோக்குக்குக் கரையில நிண்டு தூண்டில் போடலாமா, எந்தப் பக்கம் போடலாம்?" என்று கேளுங்கள். வலை போட்டிருக்கும் இடத்தையும் நேற்று யானை இறங்கிய இடத்தையும் அவரே சொல்வார். இந்த இரண்டாவது தகவல் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. கிராம உத்தியோகத்தரிடமோ வனஜீவராசிகள் திணைக்களத்தின் கிட்டிய அலுவலகத்திலோ முதல் நாள் ஒரு வார்த்தை கேட்டு வைப்பதும் நல்லது. மின்வேலிக்கு உள்ளே இருக்கும் கரை எது, வெளியே இருப்பது எது என்று அவர்களுக்குத் தெரியும்.

வெடி, நஞ்சு போட்டு மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டத்தின்படி குற்றம். கூட வருகிறவர்களில் யாராவது "ஒரு சின்ன டைனமைட்" என்று பகிடி விட்டால்கூட அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்

நவம்பரில் இருந்து ஜனவரி வரை மாரி. குளம் நிறைந்து வான் பாயும், கரையெல்லாம் சேறு, மீன் பரந்து கிடக்கும். அந்த மாதங்களில் விட்டுவிடுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் வயல் அறுவடை. நெல் மணத்துக்கு யானை ஊருக்குள் வரும் காலம், இரவிரவாக யானை வெடிச் சத்தம் கேட்கும். கரைக்குப் போகும் வீதியிலேயே எதிர்ப்படலாம்.

எனக்குப் பிடித்தது ஏப்ரல் கடைசியும் மே மாதமும். தண்ணீர் கொஞ்சம் இறங்கி, தாமரையும் அல்லியும் படர்ந்து, விரால் ஒதுங்கும் மூலைகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஜூன் தொடங்கினால் கச்சான் வீசும். கொறிக்கிற கச்சான் இல்லை, மேற்கே இருந்து வரும் சூட்டுக் காற்று. குளக்கட்டு பெரும்பாலும் கிழக்கே, காடு மேற்கே. அதனால் கச்சான் காட்டுப் பக்கமிருந்து உங்கள் முகத்துக்கு அடிக்கும். தூண்டில் எறியச் சிரமம், ஆனால் உங்கள் மணம் காட்டுக்குப் போகாது, யானையின் மணம் உங்களுக்கு வரும். பின்னேரம் கடற்காற்று திரும்பும் நாளில் இது தலைகீழாகும். ஒரு கைப்பிடி மணலைத் தூவிப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் பிறகு தானாகவே கை போகும்.

ஜூன், ஜூலையில் இன்னொரு விசயம். பாலைப்பழம் பழுக்கும் காலம். கரடிக்குப் பாலைப்பழம் என்றால் உயிர், மரத்தில் ஏறி உட்கார்ந்து தின்னும். கரையில் இருந்து காட்டோரமாக நடக்கும் எண்ணம் இருந்தால் அந்த இரண்டு மாதமும் வேண்டாம். ஆகஸ்ட், செப்டெம்பரில் தண்ணீர் மிகவும் இறங்கும், மீன் ஒரே இடத்தில் திரளும். உள்ளூர் ஆட்களுக்கு அதுதான் நல்ல காலம். ஆனால் காட்டுக்குள் தண்ணீர் வற்றுவதால் யானைக் கூட்டம் முழுவதும் அதே குளத்துக்குத்தான் வரும். அந்தப் போட்டிக்கு முதல் பயணத்திலேயே போக வேண்டாம்.

நேரம் பற்றிச் சொல்லும்போது மனம் கொஞ்சம் கசக்கும். விரால் நன்றாகக் கடிப்பது விடியலிலும் பொழுது சாயும்போதும். யானையும் கரடியும் நடமாடுவதும் அதே நேரத்தில். இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்றால் மீனை விடுங்கள். நன்றாக வெளித்த பிறகு, ஏழு மணி போலக் குளக்கட்டில் ஏறுவது, பின்னேரம் மூன்று மணிக்குச் சாமான் கட்டுவது. இதற்கு மேல் பேரம் பேசக் கூடாது.

நான் ஒரு தடவை பேரம் பேசினேன். மூன்றரைக்கு ஒரு விரால் பெரிதாகத் துள்ளிவிட்டது. இன்னும் பத்து எறி, இன்னும் பத்து எறி என்று நாலரை ஆகிவிட்டது. பட்டிக்கு மாடு சாய்த்துக்கொண்டு போன ஒரு வயதானவர் கட்டுக்குக் கீழே நின்று, சத்தம் போடாமல் கையை மட்டும் அசைத்தார். இறங்கிக் கிட்டப் போனதும், "மனே, மீனப் பாத்தது காணும். ஒருக்காக் கிறுகிப் பார்" என்றார். திரும்பிப் பார்த்தால், நான் காலையில் மோட்டார் சைக்கிள் விட்ட மருத மரத்தடியில் ஒரு தனியன் யானை நின்று காதை ஆட்டிக்கொண்டிருக்கிறது. அது போகும் வரை அவருடைய வாடியில் இருந்தேன். தயிர் தந்தார். வீட்டுக்குப் போகும்போது இரவு ஒன்பது மணி, வாங்கிய ஏச்சு வேறு கதை.

சாமான்

சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் பழகியது மூங்கில் கம்பு, தங்கூசி (நைலோன் நூல்), பேனைத் துண்டில் செய்த மிதப்பு. அதில் ஒரு குறையும் இல்லை, மட்டக்களப்பு வாவியின் பாலத்தடியில் இன்றைக்கும் அதுதான். ஆனால் கம்பு எட்டும் தூரம் குறைவு. மிதப்பைத் தண்ணீரில் வைக்க நீங்கள் விளிம்பில் போய் நிற்க வேண்டும். முதலை உள்ள குளத்தில் விளிம்பு நமக்கு உரிய இடம் இல்லை. ஐந்து மீற்றர் பின்னால், கட்டின் கல்லில் நின்று எறிய வேண்டும் என்றால் ரீல் பூட்டிய தடி வேண்டும். ஆறரை அல்லது ஏழு அடித் தடி, 2500 அல்லது 3000 அளவு ரீல். ஆரம்பத்துக்கு விலை கூடியது தேவையில்லை.

திலாப்பியாவுக்குப் பத்து இறாத்தல் தாங்கும் தங்கூசி, ஆறாம் அல்லது எட்டாம் நம்பர்க் கொளுக்கி, சிறிய ஈயம், மிதப்பு. விராலுக்கு இது போதாது. அது கொளுவியதும் நேராகத் தாமரைக் கொடிக்குள் புகுந்து சுற்றிவிடும். முப்பது இறாத்தல் பின்னல் நூலும் ரப்பர் தவளையும் வைத்துக்கொள்ளுங்கள். கொளுக்கியின் முனை மேலே பார்த்தபடி உடம்போடு ஒட்டியிருக்கும் தவளை நல்லது, இலைக்கு மேலால் இழுத்தாலும் சிக்காது.

இரைக்கு மண்புழு, பாண் உருண்டை, கோதுமை மா. திலாப்பியா பாசி தின்கிற மீன், ஆனால் பாணைக் கண்டால் விடாது. இங்கே ஒரு கவனம். மாம்பழம், வாழைப்பழம், பலாச்சுளை, உப்புப் பொட்டலம் எதுவும் பையில் வேண்டாம். மருமகன் கரடிக்குப் பயந்து சாப்பாட்டை மரத்தில் கட்டச் சொன்னான். நம்முடைய பிரச்சினை யானை, அதற்கு மரக்கிளை எட்டாத உயரம் இல்லை. மதியச் சாப்பாட்டை அளவாக, மணம் வராத மூடியுள்ள பெட்டியில் கொண்டுபோய், உச்சிக்கு முன்னால் தின்று முடித்துவிடுவதே வழி.

மற்றதெல்லாம் வழமையானவை: ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை, கணுக்கால் மூடும் சப்பாத்து, கொளுக்கி கழற்ற ஒரு குறடு, டோர்ச், காயத்துக்குத் துணியும் மருந்தும். ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் ஐஸ். சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அதைவிட முக்கியமானது சென்ட் பூசாமல் போவது.

போனில் மூன்று இலக்கங்களைப் போட்டு வையுங்கள். 1990 அம்பியூலன்ஸ், 1992 வனஜீவராசிகள், 119 பொலிஸ். குளத்தின் மேற்குப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். அதனால் புறப்படுவதற்கு முன்னால் வீட்டில் ஒருவரிடம் குளத்தின் பெயரையும் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பதையும் திரும்பும் நேரத்தையும் சொல்லுங்கள். "ஐந்து மணிக்குள்ள வலையிறவு தாண்டிக் கோல் எடுக்காட்டி ஆளைத் தேடு" என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம்.

யானை

யானையிடம் நமக்கு இருக்கும் ஒரே வசதி தூரம். அது நம்மைவிட வேகமாக ஓடும், நம்மைவிட நன்றாக மணக்கும். அதனால் முன்கூட்டியே அறிவதுதான் முழு வித்தை. குளக்கட்டில் ஏறியவுடன் தூண்டிலை எடுக்காமல் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். லத்தியில் ஆவி பறக்கிறதா, பச்சையாக ஈரமாக இருக்கிறதா? முறிந்த கிளையில் பால் வடிகிறதா? வழுவழுப்பான சேற்றில் தட்டு அளவு கால் தடத்துக்குள் தண்ணீர் இன்னும் கலங்கலாக இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு அந்த மூலை வேண்டாம், ஆள் கூடிய பக்கத்துக்குப் போங்கள்.

கண்ணில் பட்டுவிட்டால் பேச்சை நிறுத்துங்கள். கூக்குரல், கைதட்டல், கல்லெறிதல், செல்ஃபி எதுவும் வேண்டாம். காற்று உங்களிடம் இருந்து அதன் பக்கம் போகாதபடி பார்த்து, மெதுவாக, வந்த வழியே விலகுங்கள். தண்ணீருக்கும் யானைக்கும் நடுவில் நிற்கக் கூடாது, தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் அறவே கூடாது. தூண்டில் விலை கூடியது என்று சுருட்டிக்கொண்டு நிற்பவரை நான் பார்த்திருக்கிறேன். போட்டுவிட்டுப் போங்கள், யானைக்குத் தூண்டில் தேவையில்லை, நாளைக்கு எடுக்கலாம். துரத்தினால் கையில் உள்ள பையையோ சட்டையையோ பின்னால் எறிந்துவிட்டு ஓடச் சொல்வார்கள். சில நேரம் அதை நின்று மிதிக்கும், அந்தச் சில விநாடி உங்களுக்கு. மோட்டார் சைக்கிளைக் காலையிலேயே வீதியைப் பார்த்தபடி திருப்பி விடுங்கள். திறப்பு உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும், பைக்குள் அல்ல.

கரடி

கனடாக் கரடிக்கும் நம்முடையதற்கும் பெரிய வித்தியாசம். அங்குள்ளது ஆற்றில் இறங்கி மீன் பிடித்துத் தின்னும், மீன் மணத்துக்குக் கூடாரம் தேடி வரும். நம்முடைய கரடி கறையான் தின்பது. புற்றைக் கிண்டி, வாயை வைத்து உறிஞ்சும். அதற்கு வசதியாக மேல் வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் கிடையாது. உங்கள் மீனைத் தேடி அது வராது.

பிறகு ஏன் பயப்பட வேண்டும்? அதற்குப் பார்வை குறைவு, காதும் அவ்வளவு கூர்மை இல்லை. மூக்கைப் புற்றுக்குள் வைத்து ஊதிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பத்தடியில் போய் நின்றால்தான் அதற்குத் தெரியும். அப்போது ஓட நினைக்காது, பாயும். முகத்துக்குத்தான் பாயும். காட்டில் தேன் எடுப்பவர்களும் மாடு தேடிப் போகிறவர்களும் அடிபடுவது இப்படித்தான். சிங்கமோ புலியோ போல வேட்டையாட வருவதில்லை, திடுக்கிட்டுத்தான் அடிக்கிறது.

ஆகவே பற்றைக்காட்டு ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டி வந்தால் இரண்டு பேர் கதைத்துக்கொண்டே போங்கள். இங்கேதான் மருமகனின் பாடம் சரி. திறந்த குளக்கரைக்கு வந்ததும் யானைக்காக வாயை மூடுங்கள். புதிதாகக் கிண்டிய புற்று, பாலை மரத்தில் நக வடு, பாறைக் குகை கண்டால் அந்தப் பக்கம் வேண்டாம். தூரத்தில் கண்டால் ஓடாமல் பின்னுக்குப் பின்னாக விலகுங்கள். மரத்தில் ஏறும் யோசனை வேண்டாம், அது உங்களைவிட நன்றாக ஏறும். தாய்க்கரடி குட்டியை முதுகில் சுமந்து திரியும், ஒன்று என்று நினைத்தது மூன்றாக இருக்கலாம். தப்ப வழியே இல்லாமல் பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்து, முகத்தை மண்ணில் புதைத்துக்கொள்ள வேண்டும். அது விட்டு விலகும் வரை அசையக் கூடாது.

முதலை, பாம்பு

வாவியில் இருப்பது செம்மூக்கன் முதலை, குளங்களில் பெரும்பாலும் சதுப்பு முதலை. கரையில் வாய் பிளந்து கிடப்பதைப் பார்த்தால் பயம் வரும். பயப்பட வேண்டியது பார்க்காத முதலைக்கு. தண்ணீருக்குள் இறங்காதீர்கள், கொளுக்கி சிக்கினால் இழுத்து அறுத்துவிடுங்கள். விளிம்பில் குந்தி இருந்து கை கழுவுவது, மீன் வெட்டுவது, குடலை எறிவது எதுவும் வேண்டாம். ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்காமல் ஒரு மணிக்கு ஒரு தடவை இடம் மாறுங்கள். பிடித்த மீனைக் கயிற்றில் கோத்துக் காலடியில் தண்ணீருக்குள் கட்டி விடுவது நம்முடைய பழைய வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன், ஐந்து திலாப்பியா. ஆறாவதைக் கோக்கக் குனிந்தபோது கயிறு இறுகியது, பிறகு கயிறே இல்லை. தண்ணீரில் ஒரு வட்டம் மட்டும் விரிந்தது. அன்றைக்குத்தான் ரெஜிபோம் பெட்டி வாங்கினேன்.

கட்டின் கல்லிடுக்கில் முத்திரைப் புடையனும் நாகமும் இருக்கும். கை வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, உடனே ஆஸ்பத்திரி. விசமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று, மிருகம் அல்ல. மட்டக்களப்பு 2017இல் கண்ணிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. என்றாலும் காட்டோரத்தில் துருப்பிடித்த இரும்புச் சாமான் கிடந்தால் காலால் தட்டிப் பார்க்காதீர்கள், பொலிசுக்குச் சொல்லுங்கள்.

கடைசியில் மீன்

காலை ஏழரைக்குத் திலாப்பியாவில் தொடங்குங்கள். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து விட்ட மீன், இப்போது எந்தக் குளத்திலும் அதுதான் கூட. கொஞ்சம் பாணைப் பிசைந்து முன்னால் தூவி, மிதப்பை ஒரு மீற்றர் ஆழத்துக்கு வைத்து அந்த இடத்திலேயே எறியுங்கள். மிதப்பு நடுங்கும்போது இழுக்காதீர்கள், அது வாயில் வைத்துத் துப்பிப் பார்க்கிறது. சாய்ந்து நகரும்போது மணிக்கட்டால் ஒரு சுண்டு, போதும். வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போய்விடும்.

திலாப்பியா மந்தமானதும் தவளையை எடுங்கள். உச்சி வெயிலிலும் விரால் அல்லி இலையின் நிழலில் கிடக்கும். மேலே வந்து காற்று எடுக்கிற மீன் அது, "பொளக்" என்று ஒரு சத்தமும் ஒரு குமிழியும் வந்தால் அங்கேதான். இலைக்கு அப்பால் எறிந்து, தத்தித் தத்தி இழுத்து, வெளியான இடத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் வெடிக்கும். அந்த நொடியில் எல்லாரும் இழுத்துத் தவளையை வெறுமனே பறக்க விடுவார்கள், மருமகன் மூன்று தடவை விட்டான். மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணி, நூல் கனத்த பிறகு தடியை மேலே தூக்குங்கள். பிறகு இரக்கம் வேண்டாம், கொடிக்குள் புகவிடாமல் சுற்றுங்கள்.

சிவப்பாக ஒரு கூட்டம் குஞ்சு மேலே கொதிப்பது போலத் தெரிந்தால் அதன் அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கின்றன. எதை எறிந்தாலும் பாயும், பிடிப்பது சுலபம். பிடித்தால் அன்றைக்கே அந்தக் குஞ்சு முழுவதையும் மற்ற மீன் தின்றுவிடும். அங்கே எறியாதீர்கள்.

சுங்கான் (விச முள் உள்ள கெளிறு வகை மீன்) கொளுவினால் கையால் தொடாமல் குறட்டால் கழற்றுங்கள். செட்டை முள் குத்தினால் வலி தோள் வரைக்கும் ஏறும். பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் கையை வைத்திருந்தால் வலி இறங்கும். குளத்தில் சுடுதண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தேநீர்ப் போத்தலில் ஒன்றைத் தேநீர் போடாமல் கொண்டு போவது அதற்குத்தான்.

மூன்று மணிக்குச் சாமான் கட்டும்போது அறுந்த தங்கூசித் துண்டு ஒவ்வொன்றையும் பொறுக்கிப் பையில் போடுங்கள். கொக்கின் காலிலும் மாட்டின் வாயிலும் அதுதான் சுற்றுகிறது. மீனை அங்கே வெட்டாமல் ஐஸோடு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். குளத்துத் திலாப்பியாவில் சேற்று மணம் இருக்கும். வயிற்றின் உள்பக்கம் இருக்கும் கறுப்புச் சவ்வை உரித்து, கல்லுப்பும் பழப்புளியும் போட்டு இரண்டு தடவை உரசிக் கழுவினால் போய்விடும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரிப்பது திலாப்பியாவுக்கு. விரால் என்றால் பொரிக்க வேண்டாம், முருங்கைக்காய் போட்டுப் பால்விட்டுக் குழம்பு. மருமகன் பிடித்தது ஒரே ஒரு விரால், முக்கால் கிலோ. தலை யாருக்கு என்று அக்காவும் அவனும் இன்னும் வாட்ஸ்அப்பில் சண்டை பிடிக்கிறார்கள்.